இரண்டு பக்கமும் தலை

மார்ச் 4
சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற எனக்கு ஒரு சலுகை. பாக்கெட்டில் நோட்டு இருந்தால் திருப்பித் தர வேண்டும். சில்லறை இருந்தால் எனக்கு. இன்று சாம்பல் கோட்டுக்காரரின் பாக்கெட்டில் ஒற்றைக் காசு. தலை. திருப்பினேன், மறுபடியும் தலை. பூவைக் காணோம். காசு அடிக்கிற இடத்தில் யாராவது தூங்கிவிட்டார்களா?

மார்ச் 5
போனில் தேடினேன். இரட்டைத் தலைக் காசுக்கு ஒருவர் என் எட்டு மாதச் சம்பளம் கேட்கிறார். இன்னொருவர் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குத் தருகிறார். கேட்கிற விலையை நம்பாதே, விற்ற விலையைப் பார் என்று ஒரு சேகரிப்பாளர் எழுதியிருக்கிறார். எங்கே போய்ப் பார்க்க? காந்தம் வைத்தேன். சமையலறைத் தராசில் நிறுத்தேன். "காசை நிறுத்துப் பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் என் வீட்டுக்காரர். சிரிக்கட்டும்.

மார்ச் 6
கோட்டுக்காரர் வந்தார். "கோட்டு பாக்கெட்ல ஒரு காசு கிடந்துச்சா?"
"இல்லையே சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.
ஒற்றைக் காசுக்காக யார் மெனக்கெட்டு வருவார்கள்? அவருக்கு விலை தெரிந்திருக்கிறது! சில்லறை எனக்குத்தானே, அதுதானே வழக்கம் — அப்புறம் ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 7
எதிலும் மனசு ஒட்டலை.

மார்ச் 9
விடுமுறை. பழைய நாணயம் வாங்கி விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு காசை விளக்கடியில் மெல்லச் சுழற்றினார்.
"விளிம்புக்கு உள்பக்கம் மயிரிழை மாதிரி கோடு தெரியுதாம்மா? ஒரு காசக் குடைஞ்சு, இன்னொண்ண இழைச்சு உள்ள பொருத்தியிருக்காங்க. வித்தை காட்டுறவங்க வச்சிருப்பாங்க. வாரத்துக்கு ஒருத்தர் இதத் தூக்கிட்டு வர்றாங்க."
"என்ன விலை போகும்?"
"சேகரிக்கிறவங்க தொட மாட்டாங்க."
போச்சு. ஆனாலும் லென்ஸைக் கேட்டு வாங்கி அந்தக் கோட்டை மூன்று தடவை பார்த்தேன். என்ன நேர்த்தி. தெருவில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. பத்துக் காசு பெறாத இதைத் தேடி அவர் ஏன் வந்தார்?

மார்ச் 10
கோட்டை வாங்க வந்தவர் முன்னால் காசை வைத்தேன். "அன்னைக்கே கிடைச்சது சார். பொய் சொல்லிட்டேன். எதுக்கு இது உங்களுக்கு?"
"அப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன். நடக்கச் சொன்னா பிடிவாதம். அதனால பூவா தலையா போடுவோம், தலை விழுந்தா நடந்தே ஆகணும்னு ஒப்பந்தம். ஒரு வாரமா வேற காசு. நாலு நாள் பூ. கட்டில விட்டு இறங்கல."
திட்டவில்லை. நான் நின்ற இடத்திலேயே கூனிக்குறுகிப் போனேன்.

மார்ச் 28
அவர் அப்பா தெருமுனை வரை நடக்கிறாராம். கேட்டேன், சொன்னார். மரியாதையாகத்தான் பேசுகிறார், வேறு கடைக்கும் போகவில்லை. ஆனால் துணியை என்னிடம் நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து, என் கண்ணெதிரே உதறிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்.