தலை சாயாத வில்

மார்ச் 3

தச்சரே,

நலமா? வில் செப்பனிடுகிற புருஷனைத் தச்சர் என்றால் கோபம் வருமே, வரட்டும். கோபத்திலாவது ஒரு வரி எழுதுவீர்கள். நான் இங்கே வந்து ஏழு மாதமாகிறது. மாடி அறை, எதிரே சலவைக்கடை. வாசித்து முடித்தால் குறை சொல்லக்கூட ஆளில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு காரியம். அப்பாவின் வயலின் வில்லுக்கு இசைப்பள்ளியில் சான்று கேட்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அந்தப் பிரெஞ்சுக்காரர் கையால் செய்ததுதான் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள்
வித்துவான்

மார்ச் 11

என் வித்துவானுக்கு,

அந்த நாலு வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். கையெழுத்துப் போட வரவில்லை.

உன் அப்பா காலமான வருஷம், குதிரைமுடி மாற்றும்போது வில் கைதவறி விழுந்து முனை தெறித்துவிட்டது. நீ அழுது ஓய்ந்திருந்த நேரம். எந்த வாயால் சொல்வேன்? கடைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வாரம் இழைத்து வேறு கம்பு செய்தேன். கைப்பிடிக் கட்டை மட்டும் பழையது. ஒன்பது வருஷமாக நீ வாசிப்பது என் கம்பில். யாராவது "என்ன நாதம், பிரெஞ்சு வில்லாச்சே!" என்றால் எனக்குச் சோறு இறங்காது.

உடைந்தது என் டிராயரில் துணி சுற்றி இருக்கிறது. திட்டியாவது எழுது. வீட்டில் சத்தமே இல்லை.

உன் தச்சன்

மார்ச் 20

தச்சரே,

எந்தப் பள்ளியும் சான்று கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

தன் பெயரை எங்கும் குத்தாத அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு, முனையை இடப்பக்கம் துளி சாய்த்து வைப்பதுதான் கையெழுத்து. "தலையைச் சாச்சு நம்ம வாசிப்பைக் கேக்கறார்மா" என்பார் அப்பா. கோணலைக் கண்டால் உங்கள் கை சும்மா இருக்குமா? நேராக்கிவிட்டீர்கள்! கையில் வாங்கிய அன்றே தெரிந்துவிட்டது. இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். வில் உடைந்ததை அன்றே மன்னித்துவிட்டேன். நான் கிளம்பும்வரை காத்திருந்த அந்த எட்டு வருஷத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நான் வரவில்லை. வில்லை மட்டும் அனுப்புகிறேன். கம்பில் உங்கள் முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்புங்கள். யார் செய்தது என்று கேட்பவர்களிடம் இனி நான் பொய் சொல்ல வேண்டாம். இதைவிட நல்ல வில்லை நான் தொட்டதில்லை.

வாசித்ததும் வில்லின் முடியைத் தளர்த்தி வை, இழுத்தே வைத்தால் கம்பு கெட்டுவிடும் என்று தினமும் கத்துவீர்களே, தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வித்துவான்