டிரசர் அண்ணனுக்கு, மேடையில் ஏற்றிய பிள்ளையைப் பற்றி

அன்புள்ள டிரசர் அண்ணே,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்களைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் யாரிடமும் எதையும் மனம்விட்டுச் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளில் உங்கள் வீட்டார் மெழுகுவத்தி ஏற்றியபோதுகூடத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பேச வேண்டியது உங்களிடம்தான். ஆனால் வேறு சிலரும் கேட்க வேண்டும் என்பதால் பத்திரிகை வழியாகப் பேசுகிறேன்.

கேட்கக் கூடாதவர்களும் பத்திரிகை படிக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் சில இடங்களில் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். மீதியை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

முதலில் உங்கள் மேல் எனக்குள்ள கோபம். நம் பொது மண்டபத்துச் சாவியை ஏன் கமிட்டித் தலைவரிடம் கொடுத்தீர்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உங்களுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கமிட்டி பார்த்துக்கும் தம்பி, நீ கோபக்காரன்" என்றீர்கள். சரி, கோபக்காரன்தான். என்னைவிடச் சின்னவர்கள் எல்லாம் பதவியில் மேலே போனபோது வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவன்தான். ஆனால் சாவி என்னிடம் இருந்திருந்தால் அந்த மண்டபத்தில் மேடை போட விட்டிருக்க மாட்டேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து, காயத்துக்கு மருந்து போட்டும் தையல் போட்டுமே உங்களுக்குத் தலை நரைத்தது. முதலில் பால்வெட்டும் கத்தி பட்ட காயம். பிறகு தோட்டத்தை விற்றார்கள், லய வீடுகளை இடித்தார்கள், சனங்கள் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட் பக்கம் மலையடியில் குடியேறினார்கள். அப்பா கல்லுடைக்கும் இடத்துக்கும் அம்மா பேக்டரிக்கும் போய்விட, பையன்கள் தெருவில் நின்றார்கள். தெருவில் நிற்கிற பையனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கொடுத்து, கோப்பி வாங்கிக் கொடுத்து, ஒருநாள் கையில் பாராங் கத்தியையும் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த உங்களைத் தேடி மறுபடியும் காயங்கள் வர ஆரம்பித்தன. இந்த முறை எல்லாம் பாராங் காயம்.

"வெட்டின பிறகு தைக்கிறது அலுத்துப் போச்சு தம்பி. வெட்டறதுக்கு முந்தியே போயி நிப்போம்" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். அப்படித்தான் பொது மண்டபத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கியது. பெயர்தான் வகுப்பு. கேரம் போர்டு, பூப்பந்து, ஒரு மூலையில் பள்ளிப் பாடம், எல்லோருக்கும் மைலோ.

இன்னொரு மூலையில் உங்கள் கட்டுத்துணிகள். துவைத்துக் காயவைத்த நீளத் துணிகளைச் சுருட்டி அடுக்குவது தோட்டத்து ஆஸ்பத்திரி வழக்கம். அதை இங்கேயும் கொண்டுவந்தீர்கள். வீட்டில் கத்தியைப் பார்த்த பிள்ளை, அண்ணனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதைப் பார்த்த பிள்ளை, பேச்சே நின்றுபோன பிள்ளை எல்லாம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துணி சுருட்டும். நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்கள். என்னையும் கேட்க விட மாட்டீர்கள். கை வேலையாக இருக்கும்போது என்றாவது ஒருநாள் அதுவாகவே ஒரு வார்த்தை சொல்லும்.

"டிரசர் தாத்தா, இதுக்குச் சம்பளம் உண்டா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"உண்டுலா. மைலோ."

"அது சுருட்டாதவனுக்கும் கொடுக்கிறீங்களே?"

"அவனுக்குச் சீனி கம்மி."

பெரிய பையன்கள் முட்டிக்கொண்டால் வேறு வைத்தியம். "அடிக்கணுமா? அடி. முதல்ல அவன் கைக்குக் கட்டுப் போடு. எப்படியும் நான்தானே போடணும், இப்பவே போட்டா எனக்கு வேலை மிச்சம்." முழங்கை வரை கட்டி முடிப்பதற்குள் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் இப்போது தைப்பிங் சிறையில் இருக்கிறான். எல்லோரையும் காப்பாற்றினோம் என்று நான் எழுதப் போவதில்லை.

அந்தப் பிள்ளை வந்த நாள் நினைவிருக்கிறதா அண்ணே? அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து டியூஷனிலிருந்து வந்துகொண்டிருந்தது. வழி மறித்தவர்கள் அப்பாவை அதன் கண் முன்னால் வெட்டிக் கொன்றார்கள். குண்டர் கூட்டத்தில் சேர்ந்துவிட்ட தன் தம்பி மகனைத் திரும்பக் கேட்டதுதான் அந்த மனிதர் செய்தது. வெட்டியவர்கள் இன்றுவரை பிடிபடவில்லை. பார்த்தது அந்தப் பிள்ளை மட்டும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது, துணியைச் சுருட்டியது. மாதக்கணக்காகச் சுருட்டியது.

அது உங்களிடம் ஏதாவது சொன்னதா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் அது நீங்கள் ஒருவர்தான், உங்களை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பத்தியைச் சிலர் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் போன பிறகு தீபாவளி வந்தது. தலைவர் அன்பளிப்பு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். மேடை, மைக், மாலை, பத்திரிகைக்காரர். நான் முன்னாலேயே போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிடாதீர்கள், பள்ளிப் பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றேன்.

"என்ன சார் நீங்க. யாருக்குக் கொடுக்கிறோம்னு ஊரு பார்க்க வேணாமா? மறைச்சுக் கொடுத்தா ஏதோ திருட்டுக் கொடுக்கல் மாதிரி ஆயிடும்லா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்மில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான். கொடுத்தால் மேடையில் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும், மறுநாள் படம் வர வேண்டும். கோயிலில் விளக்கு வாங்கிக் கொடுத்தால் விளக்கிலேயே பெயர் எழுதுகிறவர்கள் நாம்.

பெயரைச் சொன்னார்கள். அப்பா பெயரைச் சொன்னார்கள். "இந்தப் பிள்ளை தன் கண்ணாலேயே எல்லாத்தையும் பார்த்தது, பாவம்" என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் உச்சுக் கொட்டியது. பிள்ளையின் தோளில் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது பையை வாங்கவில்லை. பொன்னாடையின் முனையைப் பிடித்து, இறுக்கமாக, ஓரம் பிசகாமல் சுருட்ட ஆரம்பித்தது.

மேடையிலிருந்து அதை இறக்கலாம் என்று ஏறினேன். தலைவர் என் தோளைத் தொட்டு, "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போலாம். படத்துல கமிட்டி மட்டும்லா" என்றார். ஒதுக்கிவிட்டார்கள். கேமரா விளக்கு மின்னியது.

மறுநாள் படம் வந்தது. இதே பத்திரிகையில்தான். கீழே பெயர், அப்பாவுக்கு நடந்தது, குனோங் ராபாட் என்று ஊர், எல்லாம் இருந்தது. படத்தைப் போட்ட ஆசிரியர் இலாகாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் இந்த வரியை வெட்டாமல் போடட்டும்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். நம் பக்கத்துப் பையன்கள் இல்லை. ஒருவன் சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் தாளை எடுத்து என் மேசையில் விரித்தான்.

"அங்கிள், இந்தப் பிள்ளை வீடு எங்கன்னு தெரியுமா? உதவி செய்யலாம்னு வந்தோம்."

குரலில் நல்ல மரியாதை இருந்தது. நான் படத்தைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது என் முழங்கை. மேடையில் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டையைத்தான் அப்போதும் போட்டிருந்தேன். அவன் விரல் அந்த முழங்கையின் மேலேயே இருந்தது.

"தெரியாது தம்பி. நான் காம்பார்ல இருந்து வாரேன். பல் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்."

"பல் வலியா அங்கிள்? அதான் முகம் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டான். நான் முழங்கையை மேசைக்கு அடியில் இறக்கினேன். என் காசு கொடுத்துக் கோப்பி குடிக்கிற கடையில், என் சொந்த ஊரில், நான் அந்நியனாக உட்கார்ந்திருந்தேன். படத்திலிருந்து என்னை ஒதுக்கிய அவமானத்தை அதுவரை மென்றுகொண்டிருந்தவன் நான். அன்று அந்த அவமானம்தான் எனக்கு மறைவிடம் கொடுத்தது.

சாயங்காலம் பிள்ளையின் அம்மா வந்தார். பேக்டரி உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"சார், ரெண்டு பேரு வீட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டானுங்க."

"கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். குடிக்கல சார். டம்ளர கையில வச்சிக்கிட்டு உள்ளயே பார்த்தானுங்க. அப்புறம் திருப்பிக் கொடுத்துட்டு, 'பிள்ளைய நல்லாப் பார்த்துக்குங்க அக்கா'ன்னு சொல்லிட்டுப் போனானுங்க. தண்ணி அப்படியே இருக்கு சார்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். எழுதிக்கொண்டார்கள். தண்ணீர் கேட்பது குற்றமா?

தலைவரிடமும் போனேன். "பத்திரிகையில வந்தா பாதுகாப்புத்தானே சார், ஊரே பார்க்குதுல்ல" என்றார். மறுநாள் அவர் வீட்டு வாசலிலும் இருவர் நின்று வழி கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் மண்டபத்தைப் பூட்டிவிட்டார். சில நாள் கழித்துச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எனக்கும் பிள்ளைங்க இருக்குலா" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் மேல் இருந்த என் பழைய கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன். சாவியை யாரிடம் கொடுத்தார் என்று கேட்காதீர்கள்.

அம்மாவும் பிள்ளையும் இப்போது இங்கே இல்லை. எப்படிப் போனார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். போகும்போது அந்தப் பிள்ளை பள்ளிப் பையை எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் கட்டுத்துணியில் ஒரு சுருள் கேட்டது. வாய் திறந்து கேட்டது அண்ணே. "தாத்தா துணி வேணும்" என்றது. அதுதான் என்னிடம் அது சொன்ன முதல் வார்த்தை.

பயம் போகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எழுதிய தாளை மடியில் மறைத்துக்கொண்டேன். "ரொட்டிக்காரர்தாங்க, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் என் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் கேட்பதில்லை. நீங்கள் அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டீர்களா?

ஆனால் மண்டபத்தின் அடைத்த கதவைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. நம் பையன்கள் தினமும் வந்து படிக்கட்டில் உட்காருகிறார்கள். "சார், கேரம் போர்டு உள்ளதான் இருக்கு. தொறந்து எடுத்துக் கொடுங்க, நாங்க வெளியில வச்சு ஆடிக்கிறோம்" என்றான் ஒருவன். போன வாரம் அந்தப் படிக்கட்டில் ஒருவன் குறைந்தான். எதிரே புது மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கை அசைத்தான். அவன் கைக்கு நீங்கள் ஒருமுறை கட்டுப் போட்டிருக்கிறீர்கள். இன்னும் எத்தனை பேர் எழுந்து போவார்கள்?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வரும் திங்கட்கிழமை கதவு திறந்திருக்கும். சில அம்மாக்கள் வருவார்கள், லாரி ஓட்டுகிற ஒருவர் வருவார், இன்னும் சிலர் வருவார்கள். மைலோ இருக்கும், கட்டுத்துணி இருக்கும். மேடை இருக்காது, மைக் இருக்காது, படம் எடுக்கிறவர் வாசலைத் தாண்ட முடியாது. உதவி செய்ய நினைக்கிறவர்கள் பொருளை வாசலில் வைத்துவிட்டுப் போகட்டும். வேறு ஊர்களில் இப்படி மண்டபம் நடத்துகிறவர்களும் இதைப் படித்தால், கண்ணால் பார்த்த பிள்ளையை யாருக்கும் காட்டாதீர்கள் என்று உங்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இனி கையெழுத்து. உங்களுக்குத் தெரியும், பத்திரிகைக்கு நான் எழுதிய எல்லாக் கடிதத்திலும் முழுப் பெயர், பட்டம், முகவரி இருக்கும். அழைப்பிதழில் என் பெயரை விட்டுவிட்டார்கள் என்று ஒரு திருமணத்துக்கே போகாதவன் நான். நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். இந்தக் கடிதத்தின் கீழும் பேனா அந்த இடத்துக்குப் போய் நின்றது. ஆனால் கோப்பிக்கடையில் தாளை விரித்த அந்தத் தம்பியும் இதைப் படிப்பான். படத்தின் ஓரத்தில் இருந்த முழங்கை யாருடையது என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிடும். அதற்கு ஒரு பெயர் கிடைத்தால், பெயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். வீட்டிலிருந்து பிள்ளை இருக்கும் இடத்துக்கு வழி தேடுவான். ஊர்க்காரர்கள் என்னைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதினேன்.

பெயர் இல்லாத கடிதத்தைப் போடுவார்களோ, குப்பையில் போடுவார்களோ தெரியாது. அனுப்புநர் முகவரி எழுதும் உறையின் பின்புறமும் வெறுமையாகத்தான் இருக்கிறது. என் பெயரை இதுவரை மற்றவர்கள்தான் விட்டார்கள். இந்த முறை நானே விட்டுவிட்டு, இதைத் தபாலில் போடுகிறேன்.

நீங்கள் தம்பி என்று கூப்பிட்டவன்