கறுப்பு மூடி ஏன் சூடாகவில்லை, பாவா?

வண்டியைத் திறக்காமலே காதால் நோய் கண்டுபிடித்த என் கோவிந்தசாமி பாவாவுக்கு,

ரத்தினம் பேசுகிறேன். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் தேவகி எழுதுகிறாள். உன் வீட்டுக் கூடத்தில், உன் படத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கிறோம். உன் வீட்டுக்காரி, என் அக்கா, உள்ளே புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

நம் மெக்கானிக் சங்கத்தில் இந்த வருஷம் ஆண்டு மலர் போடுகிறார்கள். அதில் உன் படமும், பக்கத்தில் என் பேச்சும் வரவேண்டுமாம். தங்கமான மனுஷன், கைராசிக்காரர் என்று நாலு வரி சொன்னால் போதும் என்றார்கள். நாலு வரியில் முடியாது, பாவாவிடம் எனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.

சேதி இதுதான். கப்பல் கார் திரும்பி வந்திருக்கிறது.

ஆங், அதுவேதான். திருவாலங்காட்டுக் கரும்புக்காரர் வீட்டு, கப்பல் மாதிரி நீளமான வெளிநாட்டு வண்டி. முப்பது வருஷம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை, அவருடைய மகள் லாரியில் ஏற்றிவந்து நம் ஷெட்டு வாசலில் இறக்கினாள். பெரியவருக்கு இப்போது நடை போய்விட்டதாம். இந்த ஆனிக் கிருத்திகைக்கு அந்த வண்டியிலேயே நம் கோயில் மலை ஏறவேண்டும் என்கிறாராம். சென்னையில் ரெண்டு இடத்தில் கேட்டாளாம், பாகம் கிடைக்காது என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அவள் சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. உன் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தது.

போன தை மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாள், கஞ்சியைக் குடித்துவிட்டு நீ கேட்டாயே. “ஏன்டா ரத்தினம், அந்தக் கப்பல் காரு மலைமேல மட்டும் ஏன்டா நின்னுது?” தெரியலையே பாவா என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நாலு நாளில் போய்விட்டாய்.

மலரைப் படிக்கிறவர்களுக்காக அந்த வண்டியின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நீ கொஞ்சம் பொறு.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கார்களில் சோக் என்றால் டிரைவர் கைக்கு எட்டுகிற ஒரு குமிழ். காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது அதை இழுத்தால் கார்புரேட்டர் வாயில் ஒரு தட்டு மூடும். காற்று குறையும், பெட்ரோல் கூடும், வண்டி எழும். சூடானதும் குமிழைத் தள்ளிவிட வேண்டும். கப்பல் காரில் குமிழே கிடையாது. தட்டைத் தானே மூடி, தானே திறந்துகொள்ளும். கார்புரேட்டர் பக்கவாட்டில் சுண்ணாம்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்பு மூடி. அதற்குள் கொசுவர்த்தி போலச் சுருண்ட ஒரு தகடு. குளிரில் சுருள் இறுகித் தட்டை மூடும். சூடுபட்டால் தளர்ந்து திறக்கும். முதல் முறை அதைக் கழற்றிப் பார்த்தபோது, “இதுக்கு நம்மளவிட அறிவு ஜாஸ்திடா” என்றாய்.

ஆடிக் கிருத்திகையில் கூட்டம் தாங்காது என்று கரும்புக்காரர் வீட்டில் ஆனிக் கிருத்திகைக்கே பால்குடம் எடுப்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்குத்தான் அந்தக் கார் வெளியே வரும். அதற்கு முன்னால் நம்மிடம் வேலைக்கு வரும். முதல் வருஷம் மலைப்பாதையில் கறுப்புப் புகை கக்கி நின்றது. சுருள் சீக்கிரம் தளரட்டும் என்று, விளிம்பில் கோடு போட்டிருந்த கறுப்பு மூடியைத் திருகி ஒரு கோடு தள்ளி வைத்தாய். இரண்டாம் வருஷம் ரெண்டு கோடு தள்ளினாய். அத்தோடு விடவில்லை, நீயே ஓட்டிக்கொண்டு மலை உச்சிவரை ஏறி இறங்கினாய். கோழிக்குஞ்சு மாதிரி போகுதுடா என்று சிரித்தாய். கிருத்திகையன்று அதே பாதையில் மறுபடி நின்றது.

எத்தனை சந்தேகம் உனக்கு! பெட்ரோலில் கலப்படமோ, டிரைவர் சும்மா மிதிக்கிறானோ, மலைமேல் காற்று கம்மியோ? முந்நூற்று அறுபத்தைந்து படி உயரத்தில் காற்று எப்படிக் குறையும் என்று நான் கேட்டதற்கு, நீ வேண்டுமானால் ஏறி மூச்சு விட்டுப் பாரேன் என்றாய். டிரைவரோ ஒரே பாட்டு. “ரோட்டுல பறக்குதுண்ணா. மலையில ஏறுனாத்தான் சாவுது.”

மூன்றாம் வருஷம் நீயே முன்சீட்டில் உட்கார்ந்து போனாய். இரண்டாவது வளைவில் நின்றது. பின்சீட்டில் பெரியவரின் அம்மா பால்குடத்தோடு இருந்தார்கள். ஜனங்கள் கூடித் தள்ளியதில் பால் பாதி மடியில் கொட்டிவிட்டது. பெரியவர் இறங்கி அத்தனை பேர் நடுவில் சொன்னார். “தொழில் தெரியாத கைல குடுத்தது என் தப்பு.” கார் திருவாலங்காட்டுக்குக் கட்டி இழுக்கப்பட்டுப் போனது. நம்மிடம் வரவேயில்லை.

அப்புறம் உனக்கு ஊர் வைத்த பேரை இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டார்கள். கப்பல் கவுத்த கோவிந்து. பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுவார்கள். தேவகியைப் பள்ளிக்கூடத்தில் கப்பல் பொண்ணு என்றார்கள். கொஞ்ச நாளில் நீ கார் வேலையையும் ஷெட்டையும் என்னிடம் விட்டுவிட்டு ஆர்.கே.பேட்டைப் பக்கம் மோட்டார் செட்டு, டீசல் இன்ஜின் என்று போய்விட்டாய்.

இப்போது நான் என்ன செய்தேன், கேள். பெட்ரோல் டாங்கியைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணி, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினைத் திருப்பினேன். தட்டு ஒழுங்காக மூடியது. வண்டியும் எழுந்தது. பத்து நிமிஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டையே பார்த்தேன். நிமிரவேண்டிய தட்டு நிமிரவில்லை. கறுப்புப் புகை வந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தின அதே புகை, அதே வாடை. ஷெட்டில் நிற்கும்போதே வந்தது, பாவா! நாம் ரெண்டு பேரும் வேலை பார்த்தபோது ஒரு தடவைகூட ஷெட்டில் வந்ததில்லையே?

கறுப்பு மூடியின் மேல் கையை வைத்தேன். இன்ஜின் கொதிக்கிறது, மூடி கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருக்கிறது. அப்போது தோன்றியது. நாம் மூடியையும் சுருளையும் மூன்று வருஷம் பார்த்தோமே, அதற்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோமா? இன்ஜின் புகையைச் சைலன்சருக்கு அனுப்பும் இரும்பு மடக்குக்குள் ஒரு சின்னக் குழாய் ஓடுகிறது. அதன் ஒரு வாய் மடக்கின் ஓரத்தில் திறந்திருக்கும். அந்த வாய் வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சும். காற்று உள்ளே சூடேறி மேலே போய்ச் சுருளைத் தொடும். வாய் அடைத்தால் சுருளுக்குச் சூடு கிடையாது, தட்டு திறக்காது. ரோட்டில் வேகமாகப் போனால் பாயும் காற்றே தட்டைத் தள்ளிவிடும். ரெண்டாம் கியரில் மெதுவாக மலை ஏறும்போதுதான் மூச்சு முட்டும். டிரைவர் பொய் சொல்லவில்லை.

குழாயைக் கழற்றி ஊதினேன். போகவில்லை. சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினேன். மண்ணாங்கட்டி மாதிரி உதிர்ந்தது. குளவிக் கூடு என்று நினைத்து, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். என் பாவா மேல் தப்பில்லை, குளவி மேல்தான் என்று மலரில் போட்டுவிடலாம் பார்.

அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்து ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சந்தனம் மணத்தது.

நம் ஷெட்டின் வழக்கத்தைச் சொல்கிறேன். வேலை முடிந்த வண்டி இன்ஜினுக்குப் பொட்டு வைக்காமல் வாசல் தாண்டாது. எலுமிச்சம்பழம் நீ வைப்பாய், சந்தனம் நான். கிருத்திகைக்குப் போகிற கார் என்று மலையிலிருந்து சாமி சந்தனமே வாங்கிவருவேன். சரிவான இரும்பில் பொட்டு நிற்காமல் வழியும். அந்தக் காரில் மட்டும் ஓரமாக ஒரு சின்னக் குழி இருந்தது, சந்தனம் வைக்கவே செய்தமாதிரி. மோதிர விரலால் நன்றாக அழுத்தி வைப்பேன். மேலே குங்குமம்.

அது குழி இல்லை, பாவா. மூச்சு வாய்.

நீ மலை ஏறி இறங்கிப் பார்த்தது பொட்டு வைக்கும் முன்னால். அடுத்த வருஷம் வண்டி வேலைக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலை மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் இன்ஜினைக் கழுவுவது. அதுவும் நான்தான். காய்ந்த பொருக்கு அதில் உதிர்ந்திருக்கும். அடைத்ததும் நான், திறந்ததும் நான். கடைசி வருஷத்துப் பொட்டை மட்டும் யாரும் கழுவவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் தேவகி பேனாவை வைத்துவிட்டாள்.

“மாமா, இதையும் எழுதணுமா?”

“எழுதும்மா.”

“என்னைக் கப்பல் பொண்ணுன்னு கூப்ட்டவங்களை எல்லாம் நீதானே அடிக்கப் போன?”

“ஆங்.”

“அப்ப உன்னை யாரு அடிக்கிறது?”

அக்கா புளிக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மெல்லத்தான் கேட்டாள்.

“ஏன்டா, அதுக்கப்புறம் இன்ஜின்ல சந்தனம் வேணாம், ஸ்டியரிங்ல வெச்சா போதும்னு ஒருநாள் சொன்னாரே. எதுக்குடா சொன்னாரு?”

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கார் போய் ஒரு மாசம் இருக்கும். சந்தனக் கிண்ணத்தோடு வேறு ஒரு வண்டிப் பக்கம் போனேன். நீ ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். அழுக்கில் சாமி சந்தனம் எதற்கு என்றுதான் நீ நினைத்தாய் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

பாவா, உனக்குத் தெரியுமா? தெரிந்தே முப்பது வருஷம் அந்தப் பேரைச் சுமந்தாயா? பெண்டாட்டியின் தம்பி என்று என்னை விட்டாயா? இல்லை, கார் கைவிட்டுப் போனபிறகு சந்தேகம் மட்டும் வந்து, பார்த்து உறுதி பண்ண வழியில்லாமல் இருந்தாயா? கடைசியில் என்னைக் கேட்டது, தெரியாமல் கேட்டதா, நானே சொல்லட்டும் என்று கேட்டதா? கார்புரேட்டரென்றால் பிரித்துப் பார்த்துவிடுவேன். உன்னை எங்கே போய்ப் பிரிப்பேன்?

தேவகி மறுபடி பேனாவை எடுத்து, நடுவில் பேசியதையும் சேர்த்து எழுதுகிறாள். அக்கா சொன்னது இது: “அவரு இருந்திருந்தா மொதல்ல சிரிச்சிருப்பாரு. அப்பால உன்னை ஒதைச்சிருப்பாரு.” நீ இல்லாததால் சிரிப்பு இல்லை, உதை மட்டும் அவள் பார்வையில் இருக்கிறது.

வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. ஏழு நிமிஷத்தில் கறுப்பு மூடி தொட முடியாமல் சுடுகிறது. தட்டு நிமிர்ந்து நிற்கிறது. மூடியை முதல் வருஷம், தள்ளுவதற்கு முன்னால், நீ வைத்திருந்த கோட்டிலேயே வைத்தேன். அந்தக் கோடு எனக்கு மறக்கவில்லை. நீ வைத்தது சரிதான்.

சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதில் ஒரு வரியும் எடுக்காதீர்கள். கவுத்தது கோவிந்து இல்லை.

பாவா, உனக்கு நான் சொல்லும் வாக்கு இது. ஆனிக் கிருத்திகையன்று கப்பல் காரின் பின்சீட்டில் பெரியவரும் நானும் இருப்போம். நீ உட்கார்ந்த முன்சீட்டில் அக்கா. இரண்டாவது வளைவில் நான் நிறுத்தச் சொல்லி இறங்குவேன். அவர் அன்று சொன்ன அதே சத்தத்தில், போகிற ஜனம் கேட்க, யார் விரல் என்று அவரிடம் சொல்லுவேன். பிறகு சூடான இன்ஜினை அதே இடத்தில் மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவேன். எழும். நீ காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திரு.

கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரலை வை என்று தேவகி மைப்பெட்டியைத் திறந்தாள். கட்டைவிரல் வேண்டாம் என்று இந்த விரலை வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரியின் தம்பி,
ரத்தினம்
(வலக்கை மோதிர விரல்)