கொஞ்ச தூரம் பின்னால்

இன்று காலை மேசைமேல் குவிந்து கிடந்த கழுத்தட்டைகளை அள்ளிப் பையில் போடும்போது உன் பெயர் போட்ட அட்டையும் கையில் வந்தது. நேற்று நம் கணினிக் கூட்டம் முடிந்து, மண்டபத்திலிருந்து மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தவை இவை. அச்சுக்குக் கொடுத்த பெண் போன வருடப் பெயர்களையே அப்படியே அனுப்பிவிட்டிருக்கிறாள். அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. உன் அட்டையை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து ஒதுக்கி வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. இரண்டு நாளும் அது அங்கேயே கிடந்தது, நீ டீ குடிக்கத்தான் போயிருக்கிறாய் என்பதுபோல.

அட்டையைக் கோத்திருக்கும் பட்டை நம் ஊர்த் தறியில் நெய்த சேலைக் கரை. நைலான் நாடா கழுத்தை அறுக்கும் என்று நீ சொன்னதால் முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். இன்னும் தண்ணீர் காணாத துணியின் கஞ்சி வாசனை அதில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், அவ்வளவுதான், உட்கார்ந்து அழுதுவிட்டேன். பங்குனியில் நீ போனபோதுகூட இப்படி அழவில்லை. அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்களை விசாரித்து அனுப்பவே எனக்கு நேரம் சரியாகப் போய்விட்டது.

அட்டையில் பதவி கிடையாது, கல்லூரிப் பெயர் கிடையாது. பெயருக்குக் கீழே 'இதைப் பற்றி என்னிடம் கேளுங்கள்' என்று இருக்கும். அதற்கும் கீழே ஒரு வரியை அவரவர் எழுதித் தர வேண்டும். அதுவும் உன் ஏற்பாடுதான். பேராசிரியர் என்று போட்டால் எதிரே வருகிறவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவிவிடுவான் என்பாய். போன வருடம் நீ எழுதியிருந்தது: 'பேருந்து நிலையத்தில் வழி கேட்பவர்கள்.' கணினி மாநாட்டில் இது என்ன கூத்து என்று கேட்டு வந்தவர்கள் யாரும் உன்னிடமிருந்து சீக்கிரம் தப்பிப் போகவில்லை.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணினி படித்தோம். நான் இந்த ஊர்ப் பக்கமே ஒரு கல்லூரியில் பாடம் நடத்த வந்துவிட்டேன். நீ கடல் தாண்டிப் போய் ஆராய்ச்சி செய்து, ஊர் ஊராக மாநாடுகளில் பேசிவிட்டுத் திரும்பி, வெளியூரில் பேராசிரியரானாய். திரையில் ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிறதே, அந்த இணைப்புகள்தான் உன் படிப்பு. ஹைப்பர்டெக்ஸ்ட் என்று அதற்குப் பெயர். எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொட்டவள் ஏன் தொட்டாள், போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தாளா என்று நீ பார்த்தாய். எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று நான் ரயில் டிக்கெட் போடுவதை ஒரு வார்த்தை பேசாமல் வேடிக்கை பார்ப்பாய். "ஏட்டி, தப்பா அமுக்குதேன்னா சொல்லேன்" என்று கத்துவேன். "நீ தப்பா அமுக்கல. அவன் தப்பான இடத்துல வச்சிருக்கான்" என்பாய். அன்றிலிருந்து எந்த இயந்திரத்தின் முன்னாலும் நான் என்னை மடச்சி என்று நினைத்ததில்லை.

ஒருமுறை பெங்களூரில் ஒரு பெரிய மாநாட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். உலகப் புகழ் பெற்ற ஒருவர் பேசி முடித்தார். அரங்கம் முழுக்கத் தலைகள் ஆடின. கேள்வி உண்டா என்று கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. நீ கையைத் தூக்கினாய். எல்லாரும் செய்வதுபோல், கேள்வி என்ற பெயரில் உன் பெருமையைச் சொல்லவில்லை. நடுவில் அவர் காட்டிய படம் உனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொன்னாய். எனக்கு உடம்பு கூசிப்போனது. ஆனால் அவர் மேடையை விட்டுக் கீழே இறங்கி வந்து மறுபடி விளக்கத் தொடங்கினார். பாதி வழியில் அவருக்கே அது புரியவில்லை என்று தெரிந்தது. அப்புறம் பார்த்தால் நாலா பக்கமும் கைகள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இத்தன பேருக்கு மத்தியில புரியலைன்னு சொல்லுதியே, ஒனக்கு வெக்கமா இல்லையா?"

"புரியாமத் தலையாட்டிட்டு வாரதுதான் வெக்கம். மொதல்ல ஒருத்தி கையத் தூக்கணும், அவ்வளவுதான். மத்தவங்க காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

பிறகு நீ நம் ஊரிலேயே ஒரு கூட்டம் நடத்தப்போவதாகச் சொன்னாய். சென்னையில் வை, கோயம்புத்தூரில் வை, சங்கரன்கோவிலுக்கு எவன் வருவான் என்றார்கள். நானும்தான் சொன்னேன். "ரயிலு வருது, பஸ்ஸு வருது, சாப்பாடு நல்லா இருக்கும். வேற என்னட்டி வேணும்?" என்று வாயை அடைத்துவிட்டாய். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம் லாட்ஜுகளில் அறையும் கிடைக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் நாள் குறித்திருந்தாய். ஆடிக் காற்றை மட்டும் மறந்துவிட்டாய். சுவரில் ஒட்டிய ஆராய்ச்சிப் படங்கள் எல்லாம் பறந்து சமையல்கட்டுக்குள் போய் விழுந்ததும், சமையல் செய்ய வந்த தவசுப்பிள்ளை ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்ததும் உனக்கு நினைவிருக்கும்.

மண்டபத்துக்கார அண்ணாச்சி பாவம். கல்யாணத்தைத் தவிர வேறெதற்கும் அவர் மண்டபம் திறந்ததில்லை. வாசலில் தெர்மோகோல் போர்டு வைப்பதும் வாடகையில் சேர்த்தி. அதற்கு அவருக்கு இரண்டு பெயர் வேண்டும்.

"யம்மா, ஒத்தப் பேரு போட்டா போர்டு நல்லாவா இருக்கும்? எடதுபக்கம் ஒண்ணு, வலதுபக்கம் ஒண்ணு வேணும்லா?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எடதுபக்கம் கம்ப்யூட்டர்னு போடுங்க, வலதுபக்கம் மனுஷன்னு போடுங்க அண்ணாச்சி."

அவர் அப்படியே போட்டு, நடுவில் வழக்கம்போல ஓர் இதயத்தையும் வெட்டி ஒட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் பேசப்போவதை அண்ணாச்சி வாசலிலேயே சொல்லிவிட்டார் என்று நீ மகிழ்ந்துபோனாய்.

நம் கூட்டத்துக்கென்று நீ வைத்த சட்டம் ஒன்று உண்டு. அதைப்போல நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தன் கட்டுரையைத் தானே மேடையில் சொல்லக் கூடாது. இன்னொருவர் அதைப் படித்து, புரிந்துகொண்டு, தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதியவர் முன்வரிசை நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லி முடித்த பின் எழுந்து, சரி எது, தவறு எது என்று அவர் சொல்லலாம். "நாம எழுதினது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேந்துச்சான்னு பாக்க வேற என்ன வழி இருக்கு?" என்று கேட்பாய். முதல் வருடம் கொல்லத்திலிருந்து வந்த அம்மாளின் கட்டுரையை ஒருவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு அருமையாக விளக்கினார். அந்த அம்மாள் முந்தானையைக் கசக்கியபடி கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து, "இது என் கட்டுரை இல்லை. ஆனால் நான் அடுத்து எழுத வேண்டியது இதுதான்" என்றார். கைதட்டலில் நீ ஒருத்தி மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்றாய். அண்ணாச்சி ஓடிவந்து, "யம்மா, நாற்காலி தாங்காது" என்றார்.

அந்த வருடம் ஜப்பானிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதால் நாம் அவரைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அவர் கைபேசியில் எல்லா விவரமும் இருந்தது. இருந்தும், பக்கத்தில் பையோடு நின்ற ஒரு பெண்ணிடம் போய்ப் "புளியங்குடி?" என்று கேட்டார். அவள் ஒரு பேருந்தைக் கைகாட்டினாள். அவர் நடந்தார். பத்தடி விட்டு அவளும் பின்னாலேயே போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நம் ஊரில் யாரும் செய்வதுதானே. நீதான் விடவில்லை.

"எதுக்கு அக்கா பின்னாலயே போனீங்க?"

"கையக் காட்டிட்டோம்லா. ஏறிட்டாரான்னு பாக்காண்டாமா?" என்று அவள் உன்னை விநோதமாகப் பார்த்தாள்.

மண்டபத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் உனக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம இணைப்புக என்ன செய்யுதுட்டி? கையக் காட்டிட்டு மொகத்தத் திருப்பிக்கிடுது. போனவ சேந்தாளா, வழியில நின்னாளான்னு அதுக்குக் கவல உண்டா?" என்றாய். அதன்பின் லீவுக்கு வந்தபோதெல்லாம் பேருந்து நிலையமே உன் ஆய்வுக்கூடமானது. டைம்கீப்பருக்கே உன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அதுதான் உன் கடைசிக் கட்டுரை. மாசியில் எனக்கு அனுப்பிவைத்தாய். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் படித்தேன். கடைசிப் பகுதிக்கு வந்ததும் தடுக்கி நின்றேன். 'வழி காட்டியவர் கொஞ்ச தூரம் பின்னால் வர வேண்டும். பிறகு நின்றுவிட வேண்டும்' என்று எழுதியிருந்தாய். நாம் எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம், எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று நமக்குத் தெரியாமல் பின்தொடர்கிற கம்பெனிக்காரர்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவள் நீ. மேடைகளில் அதைப் பேசும்போது உன் கழுத்து நரம்பு புடைக்கும். அப்பேர்ப்பட்டவளே பின்னால் வரச் சொன்னால்? எவ்வளவு தூரம்? எங்கே நிற்பது? நின்றுவிட்டதை எப்படி நம்புவது? போனில் கேட்டேன்.

"போன்ல சொன்னா சரியா வராதுட்டி. ஊருக்கு வாரேம்லா, நேர்ல சொல்லுதேன்."

நீ வரவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த ஆடியில் கூட்டத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சிதான் வீடு தேடி வந்து, "போர்டு செஞ்சாச்சும்மா, எப்பவும்போல ரெண்டு பேரும் போட்டிருக்கு" என்றார். உன் கட்டுரையை யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி என்றேனே தவிர, அன்றிலிருந்து ஒரே பயம். மற்றவர் கட்டுரையைத் தப்பாகச் சொன்னால் அவர் எழுந்து திருத்துவார். உன்னுடையதைத் தப்பாகச் சொன்னால் அதுதான் நிலைத்துப்போகும். ஊரை உளவு பார்க்கச் சொன்னவள் என்று உன் பெயர் என் வாயால் கெட்டுப்போகும். கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். முந்தின நாள் அதைத் தாண்டிப் போகிற மாதிரி சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மேடையேறினேன். முன்வரிசையில் உன் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் பையைக்கூட வைக்கவில்லை. பேருந்து நிலையத்தைச் சொன்னேன், அந்தப் பெண்ணைச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இணைப்புகளைச் சொன்னேன். தலைகள் ஆடின. கடைசிப் பகுதி வந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் நிறுத்தி வாசித்தேன். தலைகள் அப்போதும் ஆடின. செத்துப்போனவள் எழுதியது, மறுத்துப் பேசக் கூடாது என்ற மரியாதை அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படித் தலையாட்டுவதற்கா நீ இத்தனை வருடம் பாடுபட்டாய்?

மைக்கை வைத்துவிட்டேன். மேடையில் நின்றபடியே கையைத் தூக்கினேன்.

"இந்த எடம் எனக்குப் புரியல" என்றேன்.

பிறகு பின்வரிசையில் ஒரு கை. கொல்லத்து அம்மாள் கை. "எனக்கும்" என்றார். அப்புறம் இன்னொன்று. பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார் ஒருவர். பத்தடி என்பதை யார் அளப்பது என்றார் இன்னொருவர். கேட்டவர்தான் அளக்க வேண்டும் என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள். அதைக் கம்பெனிக்காரன் கேட்பானா என்று அவளோடு மூன்று பேர் மல்லுக்கு நின்றார்கள். அண்ணாச்சி வந்து, "பந்தி போட்டாச்சு, பாயசம் ஆறுது" என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. பசி தாங்காத நீ ஒருத்திதான் அந்நேரத்துக்கு எழுந்திருப்பாய்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டேன். நீ நேரில் வந்து சொல்ல இருந்தது இவற்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை, எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சாயங்காலம் எல்லாரையும் ரயிலேற்றிவிட்டு வரும்போது அந்தப் பயம் போயிருந்தது. உன்னைத் தப்பாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றேன், அவ்வளவுதான். அதற்கு நீ என்னைத் திருத்த எழுந்திருக்க மாட்டாய்.

உன் அட்டையைப் பையில் போடவில்லை. சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன், கஞ்சி வாசனை இருக்கும்வரை இருக்கட்டும். அடுத்த ஆடிக்கு என் அட்டையில் என்ன எழுதுவது என்பதையும் முடிவு செய்துவிட்டேன். 'இதைப் பற்றி என்னிடம் கேளுங்கள்: என் சிநேகிதி எழுதியதில் எனக்குப் புரியாத இடம்.'