கம்பெனிக்குப் போகாத மனு

செங்கரைப்பட்டி,
அரிமளம் வழி,
19-4-1958

அன்பு மகன் சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு அப்பா வெள்ளைச்சாமி ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கை செவந்தியும் வெயிலைத் திட்டிக்கொண்டு நல்ல சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி இருக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் ஐயனார் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் கடிதம் பங்குனி பத்தாம் தேதி வந்தது. தபால்காரர் பிச்சைமுத்து கவரைக் கொடுத்துவிட்டுப் போகாமல், செவந்தி படித்து முடிக்கும்வரை மோர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சொம்பு அவராகவே கேட்டு வாங்கிக் குடித்தார். கார்த்திகைக்குப் பிறகு இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. பசுமாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, உன் அம்மா அதற்கு உன் பங்கு என்று பெயர் வைத்திருக்கிறாள்.

உங்கள் கம்பெனியைப் பற்றி நீ எழுதியிருந்ததை உன் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாமல் நான் எத்தனை முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்று செவந்தியைக் கேட்டால் தெரியும், அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தப் பாலைவனத்தில் எண்ணெய்க்குப் போட்ட துளையில் நல்ல தண்ணீர் வந்ததும், நமக்கு இதனால் என்ன லாபம் என்று மூடிவிட்டுப் போகாமல், நாலு மைல் குழாய் பதித்து அந்த ஊர் ஜனங்களுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்களே, அது பெரிய மனசு. ஜனங்களுக்கு ஆறு குழாய், ஒட்டகமும் ஆடும் வாய் வைக்கத் தாழ்வாக ஒரு தொட்டி, புதன்கிழமை தோறும் டாக்டர் வண்டி. தொட்டியின் உயரத்தைக்கூட யோசித்துக் கட்டியிருக்கிறான் பார், அந்த இஞ்சினீயர் எந்தச் சீமைக்காரனாக இருந்தாலும் ஆடுமாடு வளர்த்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பணக்காரர் வீட்டு ஆளும் ஆடு மேய்க்கிறவனும் வந்த வரிசையில்தான் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருப்பதும், அந்த பம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை உன்னிடம் கொடுத்திருப்பதும் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உன் அம்மா மட்டும், அவ்வளவு எண்ணெயை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் தண்ணீராவது கொடுக்க வேண்டாமா என்றாள். நான் அவளைச் சத்தம் போட்டேன். எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர், இவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்களே என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

நான் சும்மா இருப்பேனா, உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிமளம் சந்தை வரைக்கும் பெருமை பேசிவிட்டேன். அதில் வந்தது வினை. ஊருணி மாசியிலேயே வற்றிவிட்டது, அதன் நடுவில் இருக்கிற குடிதண்ணீர்க் கிணற்றிலும் ஊற்று குறைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் ஐயனார் கோயிலில் கூடி, வெள்ளைச்சாமி மகன் இருக்கிற கம்பெனிதானே, ஒரு மனு எழுதி அவன் மூலமாக அனுப்பினால் நம் ஊரிலும் ஒரு துளை போட்டுத் தர மாட்டார்களா என்று பேசி முடிவு செய்தார்கள். கிணறு வெட்டுவதற்கு முன்னால் மண்ணை அள்ளி மோந்து பார்க்கிற வழக்கம் நமக்கு உண்டே, அதனால் கம்பெனி இஞ்சினீயரும் மோந்து பார்த்துச் சொல்லட்டும் என்று ஊருணி மண்ணில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து மனுவோடு வைத்தோம். நீ படித்துவிட்டுச் சிரிப்பாய். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை, மண்ணை முடிந்தவனே நான்தான்.

பிச்சைமுத்து மனுவை எழுதினார். கையெழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்தும் மற்றவர்கள் ரேகையுமாக வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார்கள். தெற்குத் தெரு காத்தாயி, நம் கடலைக்குக் களை எடுக்க வருமே அந்த அம்மாள், அதன் முறை வந்ததும் மைப்பெட்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. என்ன என்று கேட்டேன். "தெரியாமத்தான் கேக்குறேங்க ஐயா. அந்தக் கம்பெனி எண்ணெய் எடுக்கிற ஊருக்குத்தானே தண்ணி குடுக்குது. நம்ம ஊருல அது என்னத்தைங்க எடுத்துச்சு? இங்கிட்டு பூமிக்கு அடியில எடுக்கிறவுகளை விட்டுப்புட்டு, கடலுக்கு அங்கிட்டு இருக்கிறவுகளைக் கேட்டா எப்புடிங்க?" என்றது. அந்த நேரம் பார்த்து நம் புஞ்சையில் ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது தம்பி. கோயில் வரைக்கும் அதன் சத்தம் கேட்டது.

நீ அனுப்பிய பணத்தில் அந்தப் புஞ்சையை உன் பெயரில் வாங்கி, கிணற்றை இன்னும் இருபது அடி ஆழப்படுத்தி இஞ்சின் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊருணிக் கிணற்றில் ஊற்று குறைந்ததும் அந்த இரண்டு வருஷமாகத்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. மழை இல்லை, மழை இல்லை என்று ஊரோடு சேர்ந்து நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கோபத்தில், ரேகை வைக்க இஷ்டம் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று காத்தாயியைச் சத்தம் போட்டுவிட்டு மனுவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் உச்சி வெயிலில் ஊருணிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை கிணற்றுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து, ஊற ஊறக் கொட்டாங்கச்சியால் வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. மேலே பதினாறு குடம் காத்துக் கிடந்தன. குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம் கடலை அப்போது விழுது இறங்கிக் காய் பிடிக்கிற பருவம். ஆவணியில் செவந்தியின் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தோம், திருமயத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் மாதமும் சொல்லியாகிவிட்டது. தண்ணீரை நிறுத்தினால் கடலை போச்சு. நிறுத்தாவிட்டால், உன் கடிதத்தை இன்னொரு தரம் ஊரில் படிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இஞ்சின் சத்தத்தில் உங்கள் காதில் விழவில்லை என்றாள். செவந்தி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து, தை மாதம் கல்யாணம் நடந்தால் நல்லதாகப் போயிற்று, வெயிலாவது இருக்காது என்றாள். அவள் அழுததை உனக்கு எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு நேரில் வந்து ஊருணியைப் பார்த்துவிட்டுத் தைக்குச் சம்மதித்தார்.

ஒன்பது நாளாக இஞ்சின் காலையில் இரண்டு மணி நேரம் ஊருக்காக மட்டும் ஓடுகிறது, மிச்ச நேரம் ஊற்று ஏறட்டும் என்று புஞ்சைக்கு ஓட்டுவதில்லை. வரப்போரம் ஒரு தொட்டி கட்டியிருக்கிறேன், பக்கத்தில் ஆடுமாட்டுக்குத் தாழ்வாக இன்னொன்று, அளவு உங்கள் கம்பெனியிடம் கற்றுக்கொண்டது. முதல் நாளே தகராறு. காத்தாயி தெருக்காரர்களுக்குப் பின்னால் நிற்க மாட்டோம் என்று நம் தெருவில் நாலு பேர் குடத்தோடு தனியாக நின்றார்கள். இது என் மகன் வேலை பார்க்கிற ஊர்ச் சட்டம், வந்த வரிசைதான், பிடிக்காதவர்கள் கொட்டாங்கச்சி எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போகலாம் என்றேன். மூன்று பேர் வரிசைக்கு வந்துவிட்டார்கள். நாலாமவன் உன் சித்தப்பா, இன்னும் என்னோடு பேச்சு இல்லை. கடலைக்கொடி காய்ந்துவிட்டது, பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டோம். காயுமாகத்தான் மாடு தின்கிறது, பார்க்க வயிறு எரிகிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

காத்தாயி நேற்றுத் தண்ணீர் பிடித்துவிட்டுப் போகாமல் நின்றது. மழை பேஞ்சதும் நிறுத்திடுவீங்களா ஐயா என்று கேட்டது. அந்த அம்மாளுக்கு என்னைக் கேள்வி கேட்பதே வேலையாகப் போயிற்று. நிறுத்த மாட்டேன் என்றேன். நீங்க நிறுத்த மாட்டீங்க, ஒங்களுக்குப் பெறவு என்றது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

புஞ்சை உன் பெயரில், இஞ்சின் உன் உழைப்பில் வந்தது. உன்னைக் கேட்காமல் உன் பொருளைக் கொடுத்தது தப்பு, அதற்கு என்னைத் திட்டி எழுது. இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். நம் கிணற்றுத் தண்ணீரில் காலை இரண்டு மணி நேரம் என்றைக்கும் ஊருக்குப் பாத்தியம் என்று எழுதியிருக்கிறது. சம்மதமானால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையானால் வெறும் காகிதமாகவே திருப்பி அனுப்பு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் காத்தாயிக்கு நீ வந்து பதில் சொல்ல வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. உங்கள் கம்பெனியை எந்த இடத்திலும் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன், அவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஆனாலும் உங்கள் துரை நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து, பணிவாக ஒன்று கேட்டு எழுது. எண்ணெய் தீர்ந்து நீங்கள் எல்லோரும் புறப்பட்டுப் போகிற அன்றைக்கு, அந்த ஆறு குழாய்க்கும் ஏதாவது காகிதம் அந்த ஜனங்கள் கையில் இருக்குமா?

தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோ. வெள்ளைச்சாமி