சுவருக்குத் தண்ணீர்

மார்ச் 4
எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கடைசிச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. எழுநூறு வருஷமாக நேராக நின்ற, பக்கத்துக் கதீட்ரல் தேவாலயத்தின் மதில். ஜூன் எட்டாம் தேதி இதே தோட்டத்தில் என் மகள் டெஸ்ஸின் கல்யாண விருந்து. இப்போதுதான் சாய வேண்டுமா?

மார்ச் 11
கதீட்ரல் அலுவலகத்துக்கு மூன்றாவது கடிதம். ‘பராமரிப்பே இல்லை’ என்பதற்கு அடிக்கோடு போட்டேன். இரண்டு கோடு.

மார்ச் 20
பதில் வந்துவிட்டது. மதிலிலிருந்து இருபது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாதாம். கயிறு கட்டிவிட்டார்கள். தோட்டத்தின் நீளமே இருபத்திரண்டு அடி!
“அப்போ அறுபது பேரும் வரிசையா ஒத்தக் கால்ல நின்னு சாண்ட்விச் திம்பாங்களா, க்ளைவ்?” என்கிறாள் என் மனைவி மாரீன். என்னமோ நான் சாய்த்த மாதிரி.

ஏப்ரல் 9
கதீட்ரல் கல்வேலைக்காரர் வில்மா வந்து தட்டிப் பார்த்தார்.
“இதுக்கு சுண்ணாம்புதான் போடணும். உள்ள போன ஈரம் அதுவழியா வெளிய வந்துடும். யாரோ ஒரு புத்திசாலி சிமெண்ட்ட அப்பி மூச்ச அடைச்சிருக்கான். ஈரம் உள்ளயே நின்னு, குளிர்ல பனிக்கட்டியா உறைஞ்சு, சுவர வெளிய தள்ளிடுச்சு.”
“எந்த மடையனோ!” என்றேன், மனசார.
வில்மா கொடியை விலக்கினார். சிமெண்டில் சின்னதாக ஒரு கை பதிந்திருந்தது. அதன் கீழே குச்சியால் கிறுக்கிய எழுத்து: டெஸ், ஆறு வயசு. கட்டியது அப்பா.
ஒரு ஞாயிறு, இரண்டு மூட்டை சிமெண்ட் — இருபத்திரண்டு வருஷத்தில் சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.
“கெட்டியாத்தான் போட்டிருக்கீங்க” என்றார் வில்மா.

ஏப்ரல் 10
டெஸ்ஸிடம் சொல்லணுமா? சொல்லாம இருந்தா என்ன? அய்யோ, மாரீனுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஏப்ரல் 12
போனில் சொன்னேன். டெஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “ஆபீசுக்கு மொத்தம் எத்தன லெட்டர் போட்டீங்கப்பா?”
“அஞ்சு.”
சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. விருந்து ஊர் மன்றத்துக்கு மாறியது. அலுவலகத்துக்கு ஆறாவது கடிதம் எழுதினேன். மன்னிப்பு. எதற்கும் அடிக்கோடு போடவில்லை.

மே 30
சிமெண்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு பூசியாயிற்று. அது சட்டென்று காயக் கூடாதாம். மேலே ஈரச் சாக்கு தொங்குகிறது. சனி ஞாயிறில் நனைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குழாய் மட்டும்தான், பூச்சுக் கரண்டியைத் தொடக் கூடாது என்று வில்மா உத்தரவு.

ஜூன் 8
நல்ல வெயில். மன்றத்தில் எழுந்து பெண்ணின் அப்பாவாக வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தேன். கடிகாரம் மூன்று. சாக்கு காய்ந்திருக்கும்! பேச்சைப் பாதியில் முடித்து, வாழ்த்துக் கோப்பையை உயர்த்திவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிவந்தேன். கோட்டும் டையுமாகக் குழாயைப் பிடித்து நின்றால், பின்னால் டெஸ், கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி.
“இந்தத் தடவ கை பதிக்கக் கூடாதாப்பா?”
“வில்மா கொன்னுடுவாங்க.”
கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து குழாயை வாங்கிக்கொண்டாள். இருபது அடிக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.