மூன்று வரிக்கு ஒரு இடம்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய். திருப்பதி.

கம்ப்யூட்டர் சென்டரில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் லைப்ரரி என் பொறுப்பு. பெயரிலிருந்து இனிஷியலை நீக்கத் தான் எழுதிய சின்ன புரோகிராம் ஒன்றை அதில் சேர்க்கச் சொல்லி, கூட வேலை செய்யும் எஸ்தர் ஒரு மாதமாகக் கேட்கிறாள். "மூணு வரிம்மா, அவங்கவங்க எழுதிக்கட்டும்" என்று மறுத்துவிட்டேன். இடம் கொடுத்தால் ஆளுக்கொரு மூன்று வரியோடு வந்து நிற்பார்கள்.

இன்று மாணவர் பட்டியல் அகரவரிசை தப்பி அச்சாகி வந்தது. எஸ்தர் காகிதத்தை நீட்டினாள்.

"பட்டியல் புரோகிராம் ஒரு இனிஷியலைத்தான் சார் வெட்டுது. நம்மளுக்கு ஒண்ணு போதும். தெலுங்குக்காரங்களுக்கு ரெண்டு, மூணு இருக்குதே. யார் சார் எழுதினது?"

அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த மூன்று வரியை எழுதியது நான்தான்.

நாளை காலையில் அவளுடையதை லைப்ரரியில் சேர்த்துவிட வேண்டும். இன்றுதான் அதைப் படித்தேன். மூன்று வரி இல்லை, ஒன்பது.